சகினா வண்டியின் ஏறாத ஊசி

மயிலாப்பூர் குளத்தோரம் எங்கள் டாக்சி ஸ்டாண்டில் ஒரு இடத்தில் உட்காராத ஆள் சகினா. சவாரி இல்லாவிட்டால் கண்ணாடியைத் துடைப்பாள், டயரை உதைத்துப் பார்ப்பாள், என் வண்டிக்குள் ஏறி சீட்டுக் கவரைக்கூடச் சரிசெய்வாள். "உக்காரும்மா, பாக்கற எனக்குத் தல சுத்துது" என்று கத்துவேன். கேட்டால்தானே! தி.நகர் புடவைக் கடையில் கால் வீங்க நின்றவள், புருஷன் போனபிறகு ஒரு பழைய காரை வாங்கி ஓட்ட வந்தாள்.

அன்று காலை அவள் பரபரத்ததற்குக் காரணம் இருந்தது. மறுநாள் வண்டிக்கு எஃப்.சி., அதாவது தகுதிச் சான்று வாங்கும் நாள். புகை டெஸ்டில் பாஸாகாமல் எஃப்.சி. கிடைக்காது, அது இல்லாமல் வண்டி ஓடாது, வண்டி ஓடாவிட்டால் அவளுக்கும் மகள் சாய்மாவுக்கும் சோறில்லை. டெஸ்டிலோ முந்தின நாள் ஃபெயில்.

"வைரவண்ணே, இதுக்கு சூடே ஏற மாட்டேங்குது. அடையாறு போய் வந்தாலும் சூடு காட்டற ஊசி அடியிலயே கீது."

சிரித்துவிட்டேன். இந்த ஊர் வெயிலில் வண்டி கொதிக்கிறதென்று அழுபவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். "நல்லதுதானே, வுட்டுத்தள்ளு" என்றேன். முறைத்தாள் பாருங்கள், எழுந்து அவள் வண்டிப் பக்கம் போனேன்.

"சென்சாரு மாத்தியாச்சு, ஊசி பொய் சொல்லல. இப்பதான் ஸ்டார்ட் பண்ணேன், இந்த ஹோஸைத் தொடுங்க."

ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸ். தொட்டேன். அதற்குள் லேசாக வெதுவெதுத்தது.

"இஞ்சின் சூடாவற வரைக்கும் உள்ள கீற தெர்மோஸ்டாட் வால்வு தண்ணிய இங்க வுடக்கூடாதுண்ணே. இது ஜில்லுனு இருக்கணும். வால்வு தொறந்தே மாட்டிக்கினு கீது. இஞ்சின் குளுந்தே கெடக்கறதால பெட்ரோல அள்ளி ஊத்துது. அதான் புகை."

ஈக்காட்டுத்தாங்கலில் அவள் அண்ணன் அப்துல் சமத்தின் ஒர்க் ஷாப். அந்தப் பதற்றத்தோடு அவளைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் நானும் போனேன். விஷயத்தைக் கேட்டதும் சமத் பாய் எங்கேயோ பார்த்தார். "பிளக்கு மாத்திப் பாக்கலாம்" என்றார். பிளக்காவது மண்ணாவது! சகினா ஸ்பேனரை எடுத்து வால்வு மூடியைத் தானே கழற்ற ஆரம்பித்தாள்.

"ஏய், வுடு!" என்றார். அவள் விடவில்லை.

மூடி திறந்தது. வால்வு மாட்டிக்கொண்டிருக்கவில்லை. வால்வே இல்லை.

எங்கள் ஊரில் இது சகஜம். வண்டி கொதித்தால் பல மெக்கானிக்குகள் வால்வைப் பிடுங்கி எறிந்துவிடுவார்கள், மெட்ராஸ் வெயிலுக்கு இது எதற்கென்று.

"எங்கண்ணே வால்வு?"

"போன மே மாசம் கொட்டிவாக்கத்துல வண்டி கொதிச்சு வெயில்ல நின்னியே... நான் வந்து பாத்தா, எவனெவனோ உன்னச் சுத்தி நிக்கறான். எனக்கு பயமாப் போச்சு. இன்னொரு தபா நீ அப்டி நிக்கக்கூடாதுன்னு கழட்டிட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே?"

"சொன்னா வுடுவியா?"

"வுட மாட்டேன். என் வண்டி. பயம் உங்களுக்கு, அதுக்கு என் பொழப்பு போவணுமா?" என்று ஸ்பேனரைக் கீழே போட்டாள். எனக்கு சமத் பாய் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அவர் முகம் தொங்கிப்போனதைப் பார்த்ததும் ஸ்பேனரை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

அவரே போய்ப் புது வால்வு வாங்கிவந்து மாட்டினார். "ஏறுங்க" என்றாள் சகினா. தங்கை ஓட்டும் வண்டியில் அவர் அதுவரை ஏறியதே இல்லையாம். நான் பின்னால் உட்கார்ந்தேன்.

கிண்டி தாண்டுமுன் ஊசி கிளம்பியது. சமத் பாய்க்கு வேர்த்துக் கொட்டியது. "ஏறுது, ஏறுது... ஓரங்கட்டு!"

"ஊசி நடுவுல நின்னுடும். கம்முனு வாங்க."

ஊசி நடுவில் நின்றது. இருந்தும் மனிதர் கதவுப் பிடியை விடவில்லை.

டெஸ்டில் பாஸ். சகினா நீட்டிய புகை சர்டிபிகேட்டை அவர் பார்க்கவே இல்லை.

"இன்னொரு தபா கொதிச்சுதுன்னா?"

"ஓரங்கட்டி நிறுத்துவேன். உங்களுக்கு போன் பண்ணுவேன். வந்து சரி பண்ணிக் குடுங்க. சொல்லாம எதையும் கழட்டாதீங்க."

"கழட்ட மாட்டேம்மா" என்றார் சமத் பாய்.