ஒரு சேஃப்டி பின்

ஆறாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்தில் சேஃப்டி என்ற சொல் வந்தது. அர்த்தம் கேட்டதும் "பாதுகாப்பு" என்று பிள்ளைகள் ஒரே ராகத்தில் கத்தினார்கள். வீட்டில் யார் அப்படிப் பேசுகிறார்கள்? போலீசும் பேங்கும் பேசுகிற சொல் அது. "நீங்க எங்க கேட்டிருக்கீங்க, அதச் சொல்லுங்க" என்றேன். ஒருத்தி எழுந்து, "சேஃப்டி பின், டீச்சர்" என்றாள். வகுப்பே சிரித்தது. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

போன வருடம் கணவரின் காரியம் முடிந்ததும், அண்ணன் என்னை ஒட்டன்சத்திரத்தில் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். பத்து நாள் கழித்து, அங்கிருந்தே செம்பட்டிப் பக்கமுள்ள என் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினேன். முந்தானையை மடித்துத் தோளில் வைத்ததும் கை பழக்கத்தில் கழுத்துக்குப் போனது. எங்கள் பக்கத்துப் பெண்கள் ஊக்குகளைத் தாலிச் சங்கிலியில்தான் மாட்டி வைப்போம். இருபத்தாறு வருடப் பழக்கம். கழுத்தில் ஒன்றுமில்லை.

"அண்ணி, ஒரு ஊக்கு குடுங்க" என்றேன்.

அண்ணியின் சங்கிலியில் நாலைந்து தொங்கின. அவர் விரல் அதைத் தொட்டுவிட்டு நின்றது. பிறகு சேலையை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டார். "செத்த இரும்மா, கடையில புதுசா ஒரு அட்டையே வாங்கியாரச் சொல்றேன்."

வாங்கியும் கொடுத்தார். பன்னிரண்டு ஊக்கு. கெட்டவர் இல்லை, அந்தப் பத்து நாளும் எனக்குச் சோறு ஊட்டாத குறைதான். தன் தாலியிலிருந்து கழற்றி, தாலி இழந்தவள் கையில் கொடுக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான். எனக்குக் கோபம்கூட வரவில்லை. அவமானமாக இருந்தது. சேஃப்டி என்றால் எதிலிருந்து என்ற கேள்வியும் கூடவே வரும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பேன். நெருப்பிலிருந்து, வெள்ளத்திலிருந்து, திருடனிடமிருந்து. அன்று அந்த வீட்டில், என்னிடமிருந்து.

மறுநாளே திண்டுக்கல்லில் என் வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்து சாதித்தது ஒன்றுமில்லை. ஒரு ஆளுக்கு எதற்குக் குழம்பு, வெஞ்சனம் என்று சோற்றில் மோர் ஊற்றித் தின்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பால்காரரோடு பேசுவதுதான் பேச்சு. அவரை நிறுத்தி வைத்து மழையைப் பற்றிக் கேட்கிறேன். அவர் வண்டியை அணைப்பதே இல்லை.

போன ஞாயிறு காலை அண்ணன் போன் செய்தார். "ஒத்தையில கெடக்குறது சேஃப்டி இல்லம்மா. மாடி ரூம காலி பண்ணி பெயிண்ட் அடிச்சிட்டேன். எப்ப வர்ற?"

எனக்குப் போக ஆசைதான். சாப்பிட்டாயா என்று கேட்க ஆள் இருக்கிற வீடு. ஆனால் என்னால் அங்கே அண்ணியின் கழுத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது. காரணத்தைச் சொன்னால் அண்ணன் அண்ணியைச் சும்மா விடமாட்டார்.

"இங்க எனக்கு ஒரு பயமும் இல்லண்ணே" என்றேன்.

 "எங்க மேல என்னம்மா கோவம்?" என்று அண்ணன் கேட்டார்.

"அண்ணே, பால் பொங்குது" என்று சொல்லிப் போனை வைத்தேன். நான் அடுப்பே பற்றவைத்திருக்கவில்லை.