ஒன்பதாம் குவியல்

அவர் பேருந்தில் ஏறி உட்கார்ந்தால் பக்கத்து இருக்கை காலியாகும். இருபத்திரண்டு வருட உழைப்புக்கு ஊர் அவருக்குக் கொடுத்த ஒரே சலுகை அது. பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. ‘வாசனை’ என்றால் எல்லோருக்கும் தெரியும். “வாசனை அண்ணன் வர்றார், வழி விடுங்கப்பா!” என்பார் தேநீர்க் கடைக்காரர். கடையே சிரிக்கும். அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு, தேநீரை வெளியே நின்று குடிப்பார்.

வீடுகளில் கழிவுத் தொட்டி நிறைந்தால் லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போகும். வீட்டுக்காரர்கள் மூக்கைப் பொத்திக் கதவைச் சாத்துவார்கள். அத்தோடு விஷயம் முடிந்தது என்று அவர்களுக்கு நினைப்பு. வாசனைக்கு அங்கேதான் ஆரம்பம். ஊருக்கு வெளியே உள்ள கிடங்கில் அது காய்ந்து, காய்கறிச் சந்தையின் அழுகலோடும் மரத்தூளோடும் கலந்து, ஆள் உயரக் குவியலாகும். பிறகு உள்ளுக்குள் தானாகச் சூடேறும். அந்தச் சூட்டில்தான் கிருமியும் குடற்புழு முட்டையும் சாக வேண்டும்.

சூடு பார்க்க அவரிடம் ஓர் இரும்புக் கம்பி இருந்தது. குவியலின் வயிற்றில் செருகி, கொஞ்ச நேரம் கழித்து உருவி, உள்ளங்கையால் பிடிப்பார். ஐந்து எண்ணுவதற்குள் கை தானாக விட்டுவிட்டால் சூடு சரி. கிளறி, மறுபடி சூடேற்றி, ஆற வைத்து, மூன்று மாதம் கழித்து ஒரு பிடி எடுத்து முகர்ந்தால் முதல் மழை விழுந்த மண்ணின் மணம் வர வேண்டும். அந்த மணம் வராத குவியலின் தலையில் சிவப்புத் துணி கட்டிய குச்சி நிற்கும். அவர் பிடுங்கும்வரை அதை யாரும் தொடக் கூடாது.

அந்த உரத்தில்தான் ஊருக்கே கீரை விளைந்தது. பேருந்தில் எழுந்து தள்ளிப் போனவர்கள், “எவ்வளவு தளதளன்னு இருக்கு பாரு!” என்று அதைப் பேரம் பேசாமல் வாங்கிப் போனார்கள்.

அவருக்கு ஒரே மகள். வங்கியில் வேலை. கூட வேலை பார்க்கும் பையனை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. பையனின் அப்பா விவசாயக் கல்லூரியில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பெருகிக்கொண்டே போகும் உலகத்துக்கு, மண்ணைக் கெடுக்காமல் எப்படிச் சோறு போடுவது என்று நான்கு தடித்த புத்தகங்கள் எழுதியவர்.

“அப்பா உரத் தொழில்ல இருக்கார்னு சொல்லியிருக்கேன்” என்றாள் மகள், தரையைப் பார்த்துக்கொண்டே.

“உண்மைதானே?” என்றார் அவர்.

பெரியவர்கள் சந்திக்க நாள் குறித்தார்கள். அவர் மனைவி உடனே சட்டம் போட்டாள். “நாலு நாள் கிடங்குப் பக்கம் கால் வைக்கக் கூடாது. உடம்புல இருந்து அந்த நாத்தம் போகணும். அங்க வந்து வாயைத் திறந்தீங்க, அவ்வளவுதான். பேச்சு நம்ம பக்கம் திரும்புச்சுன்னா நான் காலை மிதிப்பேன். டீயைக் குடிச்சுக்கிட்டே தலையாட்டுங்க.”

நாலு நாள் அவர் வீட்டிலேயே கிடந்தார். மூன்று விதமான சோப்புப் போட்டுக் குளித்தார். புதுச் சட்டை தைத்தார். இருபத்திரண்டு வருடத்தில் அதுதான் முதல் விடுப்பு.

பேராசிரியர் வீட்டுக் கூடத்தில் சுவர் முழுக்கப் புத்தகம். பையன் காபியா டீயா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு இரண்டையும் கொண்டுவராமல் மகளையே பார்த்துக்கொண்டு நின்றான். பேராசிரியரின் மூத்த மகள் ஏழு மாத வயிற்றோடு சோபாவில் சாய்ந்திருந்தாள்.

“இன்னும் எத்தனை கோடி வாய் வரப்போகுது தெரியுமா?” என்று தொடங்கினார் பேராசிரியர். “வயல்ல இருந்து எடுக்கிறோம், தின்கிறோம், மிச்சத்தை ஆத்துலயும் கடல்லயும் கொட்டறோம். எடுத்த சத்தை வயலுக்கே திருப்பிக் கொடுக்கணும் சார். அப்படிச் செய்யறவன் யாராவது இருந்தா நான் அவன் காலைத் தொட்டுக் கும்பிடுவேன்!”

வாசனை கூச்சத்தோடு தன் கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். அவர் மனைவி அதில் ஒன்றைத் தேடிப் பிடித்து மிதித்தாள்.

பிறகு பேராசிரியரின் மனைவி மொட்டைமாடித் தோட்டத்தைக் காட்ட வாசனையைக் கூட்டிப் போனார். பன்னிரண்டு தொட்டிகள். “எல்லாம் இந்த உரத்தோட மகிமை. முந்தாநாள்தான் புது மூட்டை வந்துச்சு. நேத்து எல்லாத் தொட்டிக்கும் தூவிட்டேன். வழக்கமா மழை மண்ணு மாதிரி மணக்கும், இந்தத் தடவை ஏன்னு தெரியல...”

மூட்டையின் வாய் திறந்திருந்தது. அவர் குனியவே இல்லை. நின்ற இடத்திலேயே பச்சை நாற்றம் மூக்கில் குப்பென்று ஏறியது. மூட்டையில் குத்தியிருந்த எண்ணைப் பார்த்தார். ஒன்பது. அவர் சிவப்புத் துணி கட்டிவிட்டு வந்த குவியல்.

“இந்தத் தொட்டியில இருந்து ஏதாவது பறிச்சீங்களாம்மா?”

“இப்பத்தான் பறிச்சேன். உங்களுக்காக சாலட் பண்ணியிருக்கேன்!”

படிகளில் அவர் இறங்கிய வேகத்தைப் பார்த்து, பெண்மணி பின்னாலேயே பதறி ஓடிவந்தார். கூடத்தில் கண்ணாடிக் கிண்ணத்தில் பச்சை இலைகள். கர்ப்பிணிப் பெண் ஒன்றை எடுத்து வாயருகே கொண்டுபோய்விட்டாள்.

அந்த ஒரு நொடியில் வாசனை தன் மகளைப் பார்த்தார். அவள் கண்களில் நான்கு வருடக் கனவு. மனைவியின் கால், அவர் காலைத் தேடி வந்துகொண்டிருந்தது.

“அதைத் தின்னாதேம்மா!”

இலை கீழே விழுந்தது. யாருக்கும் எதுவும் புரியவில்லை. அவர் அதற்குள் கிடங்கு மேற்பார்வையாளரைத் தொலைபேசியில் பிடித்துவிட்டார். “ஒன்பதாம் குவியல்ல யார் கை வச்சது? சிவப்புத் துணி என்ன ஆச்சு? கிராக்கி அதிகமா? நான் நாலு நாள் இல்லேன்னா விஷத்தைக் கூட மூட்டை கட்டுவீங்களா? எத்தனை போச்சு? நாற்பதா!”

“உங்களுக்கு எப்படி இதெல்லாம்...?” என்றார் பேராசிரியர்.

“நான்தான் சார் செய்யறேன். முழுசா சூடேறி ஆறினா அமிர்தம். இது பாதியில எடுத்தது. பச்சையாத் தின்னா வயித்துக்கு ஆகாது.”

“எதிலிருந்து செய்யறீங்க?”

“நம்ம எல்லார்கிட்ட இருந்தும்தான் சார். போன மாசம் உங்க வீட்டுக்கும் லாரி வந்துச்சே.”

பேராசிரியர் எழுந்து போய்க் கை கழுவினார். வந்து உட்கார்ந்தார். மறுபடி எழுந்து போய்க் கழுவினார். காலைத் தொடும் பேச்சு எழவில்லை. “சொல்லி அனுப்பறோம்” என்றார், வாசலைப் பார்த்தபடி.

வீடு திரும்பியதும் மனைவி ஓவென்று அழுதாள். “வாயை மூடிக்கிட்டு இருக்கத்தானே சொன்னேன்?”

“மூடிக்கிட்டுத்தான் இருந்தேன். மூக்கை என்னடி பண்றது?”

மகள் அழவில்லை. புதுச் சட்டையை மடித்து வைத்தாள். “அந்த அக்கா தின்னிருந்தா, நான் அந்த வீட்டுல எப்படிப்பா சிரிச்சுக்கிட்டு இருப்பேன்?” என்று மட்டும் கேட்டாள். அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது.

அடுத்த ஒரு வாரம் அவர் வீடு வீடாகப் போய் மூட்டைகளைத் திரும்பக் கேட்டார். உரம் எதிலிருந்து வருகிறது என்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. “இத்தனை நாள் இதையா தின்னோம்?” என்று கத்தினார்கள். போன மாதம் வரை அதில் விளைந்த தக்காளியைப் படம் பிடித்து உறவினருக்கெல்லாம் அனுப்பியவர்கள்தான் அதிகம் கத்தினார்கள். முப்பத்தொன்பது மூட்டைகள் வந்து சேர்ந்தன. எல்லாவற்றையும் கொட்டி, கிளறி, மறுபடி குவித்து, சிவப்புத் துணி கட்டினார். நாற்பதாவது மூட்டை பேராசிரியர் வீட்டில் இருந்தது. அந்தக் கதவைத் தட்ட அவருக்குக் கால் வரவில்லை.

பத்தாம் நாள் கிடங்கு வாசலில் ஓர் ஆட்டோ நின்றது. பேராசிரியரின் மனைவி மூட்டையோடு இறங்கினார். பின்னால் மூக்கில் கைக்குட்டையோடு பேராசிரியர்.

“இந்தாங்க உங்க மூட்டை. பக்குவமானதும் எனக்கே திருப்பிக் கொடுங்க” என்றார் அந்த அம்மாள். “என் பொண்ணுக்காக உங்க பொண்ணு வாழ்க்கையையே பணயம் வச்சீங்களே அண்ணா. உங்க பொண்ணை எங்க வீட்டுக்குக் கொடுப்பீங்களா? இவர் சம்மதிச்சுட்டார்.”

“நான் எப்போ சம்...”

“சம்மதிச்சுட்டார்.”

பேராசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டார். நான்கு புத்தகங்களில் அவர் படம் போட்டு விளக்கிய குவியல் முதல்முறையாக எதிரே ஆவி விட்டுக்கொண்டு நின்றது. மரியாதை குறையாமல் ஏதாவது கேட்க வேண்டுமே என்று, “அறுபது டிகிரி இருக்கணும்னு எழுதியிருக்கேன். இங்க எவ்வளவு?” என்றார்.

வாசனை கம்பியை உருவி, புதுச் சம்பந்தியிடம் பணிவாக நீட்டினார். “பிடிச்சுக்கிட்டு அஞ்சு எண்ணுங்க சார்.”

“ஒண்ணு... ரெண்டு... ஐயோ!”

கம்பி ஒரு பக்கம், கைக்குட்டை ஒரு பக்கம். பேராசிரியர் சிவந்த உள்ளங்கையை வாயால் ஊதிக்கொண்டே குவியலை அண்ணாந்து பார்த்தார்.

“அறுபதுன்னா இவ்வளவு சுடுமா?”

“ஆமா சார்” என்றார் வாசனை, கீழே விழுந்த கைக்குட்டையை எடுத்துத் தட்டிக் கொடுத்தபடி. “நீங்க எழுதினது சரிதான்.”