ஏலக்காய் பாக்கெட்டில் இருந்த முகம்

போடியில் எங்கள் ஏலக்காய்க் கடைக்கும் இன்னொரு ஏலக்காய் வியாபாரியான அண்ணாச்சியின் கடைக்கும் நடுவில் ஒரு டீக்கடைதான் இருக்கிறது. கம்ப்யூட்டர் படிப்பை முடித்துவிட்டு வந்து கடைக்காக ஒரு வீடியோ சேனல் தொடங்கினேன். தீபாவளி ஆர்டர்களில் பெரும்பங்கு அதன் வழியாகத்தான் வரும். புரட்டாசிக் கடைசியில், சாயம் ஏற்றிய காயைக் கண்டுபிடிப்பது எப்படி என்று ஒரு வீடியோ போட்டேன். ஈர வெள்ளைத் துணியில் காயைத் தேய்த்தேன், துணி பச்சையானது. காய் வந்த பாக்கெட்டையும் காட்டினேன். அது அவருடையது.

மறுநாள் வீடியோ இல்லை. பாக்கெட்டில் அச்சிட்டிருந்த தன் அப்பாவின் படத்துக்குப் பதிப்புரிமை தன்னுடையது என்று வீடியோ தளத்திடம் அண்ணாச்சி புகார் செய்திருந்தார். சாயத்தைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. இன்னும் இரண்டு புகார் வந்தால் சேனலே போய்விடும்.

நேரில் போய்க் கேட்டேன். அவர் தராசைப் பார்த்துப் பதில் சொன்னார்.

"எங்கய்யா படம். ஸ்டுடியோவுக்குத் துட்டுக் குடுத்தது நான். இவுக பாட்டுக்கு ஊருக்கெல்லாம் காட்டுவாகளாம்."

"பாக்கெட்டு பூரா அவுகள ஒட்டித்தான விக்கிறீக, அண்ணாச்சி?"

"அது யாவாரம். ஒன்னுது அவதூறு."

"அப்ப அவதூறுன்னே கேஸ் போடுங்க."

"அதுக்குக் காய டெஸ்ட்டுக்கு அனுப்பணும்ல," என்றார் டீ கொண்டுவந்த டீக்கடைக்காரர். அண்ணாச்சி டீயை மட்டும் வாங்கிக்கொண்டார்.

வீட்டில் உட்கார்ந்து பட்டியல் போட்டேன். ஒன்று: விமர்சிப்பதற்காகப் படத்தைக் காட்ட நம் சட்டம் இடம் தருகிறது. இரண்டு: அந்தத் தளம் நடப்பது அமெரிக்கச் சட்டப்படி. அதுவும் இடம் தருகிறது. ஆனால் தளம் முதலில் வீடியோவைத் தூக்கிவிட்டு, பிறகுதான் நியாயம் கேட்கும். மூன்று: மறுப்பு அனுப்ப என் பெயரும் விலாசமும் தர வேண்டும், அந்நாட்டு நீதிமன்றத்துக்குக் கட்டுப்படுவதாகவும் ஒப்புக்கொள்ள வேண்டும். டீக்கடைக்கு இரு பக்கமும் உள்ளவர்களின் சண்டைக்கு நீதிபதி அமெரிக்காவில்.

இதற்கிடையில் அவரும் ஒரு சேனல் தொடங்கினார். முதல் வீடியோவிலேயே ஈர வெள்ளைத் துணி, அதில் எங்கேயோ தேடிப் பிடித்த நல்ல காய். சோதனை முறைக்குப் பதிப்புரிமை கிடையாது, இருக்கவும் கூடாது. துணியில் தேய்க்கும் உரிமையை அவருக்கு விட்டுக்கொடுக்கிறேன், மரியாதையை அல்ல.

"வெலாசம் எழுதுனா அந்தாளுக்குத் தெரிஞ்சுபோகுமேத்தா," என்றாள் அம்மா.

"பக்கத்துக் கடைக்காரருக்கா?"

"வம்பு வேணாம். பாக்கெட்டுல இருக்க மொகத்த மறைச்சுட்டுப் போடு."

மறைத்தால் அது யார் காய் என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. அண்ணாச்சிக்கு வேண்டியதும் அதுதான். விலாசத்தை எழுதி அனுப்பினேன். புகார் செய்தவர் வழக்குப் போடுகிறாரா என்று தளம் பதினான்கு வேலைநாள் வரை காத்திருக்கும்.

அவர் எந்த நீதிமன்றத்துக்கும் போகவில்லை. போக வேண்டிய தேவையும் இல்லை. வீடியோ திரும்பி வந்தது, தீபாவளி முடிந்த மறுவாரம்.