பத்து விரல்களோடு ஒரு மத்தியானம்

சிரிப்பதாக இருந்தால் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள், நடுவில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும். பேய், குறி, கனவுப் பலன் என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். அம்பத்தூரில் இருபது வருஷம் தகடு வெட்டுகிற பவர் பிரஸ் மிஷின் ஓட்டியவன், இரும்பைத் தவிர எதையும் நம்பியதில்லை.

என் வலது கையைப் பாருங்கள், ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் மிஷின் எடுத்துக்கொண்டது. அதில் இரண்டு பச்சை பட்டன் இருக்கும், இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலிருந்து டை என்கிற இரும்பு அச்சு இறங்கும், கை உள்ளே மாட்டக்கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. நாங்கள் என்ன செய்வோம் என்றால், ஒரு பட்டனை அழுத்தி ஓரத்தில் எதையாவது சொருகிவிடுவோம், அப்புறம் ஒரு கை போதும், பீஸ் மளமளவென்று ஏறும். தப்புதான், ஆனால் எங்கள் ஒர்க் ஷாப்பில் அதைச் செய்யாதவன் யார்?

அன்று மத்தியானம் சேகர் ஷிப்ட் முடித்து இறங்கினான், நான் ஏறினேன். அரை மணி நேரத்தில் விரல் போய்விட்டது. அந்த அரை மணி நேரம் மட்டும் எனக்கு நினைவே இல்லை. பட்டனில் என்ன சொருகியிருந்தது என்று யாரும் பார்க்கவில்லை, களேபரத்தில் மிஷினைத் துடைத்துவிட்டார்கள். சேகர்தான் தான் சொருகியதை எடுக்க மறந்துவிட்டான் என்று முடிவு கட்டினேன். என் கல்யாணத்தில் பந்தி பரிமாறின சிநேகிதன், பெற்ற பிள்ளை மேல் சத்தியம் செய்தான், நான் காதில் வாங்கவில்லை. அவன் வேலையை விட்டுவிட்டு ஷேர் ஆட்டோ ஓட்டப் போனான். அந்த வண்டி வந்தால் ஏறாமல் பூந்தமல்லியிலிருந்து திருவேற்காட்டுக்கு வெயிலில் நடந்தே வந்திருக்கிறேன்.

இப்போது எனக்கு ஒரு கம்பெனி வாசலில் நைட் டூட்டி, தூக்கமெல்லாம் பகலில். எந்தக் கனவு வந்தாலும் அந்தப் பச்சை பட்டனும் கூடவே வரும். குக்கர் மூடியில் இருக்கும், பஸ் சீட்டில் இருக்கும், ஒரு தடவை மகள் நெற்றியில் பொட்டு வைக்கிற இடத்தில் இருந்தது, அலறி எழுந்துவிட்டேன். அவள்தான் போனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"கனவுல வெரல எண்ணிப் பாரு நைனா. கணக்கு தப்பா வந்தா கனவுன்னு புரிஞ்சிரும். அப்பால பயப்படாம அந்த பட்டனாண்டயே கேளு, இன்னாத்துக்கு என் பின்னாடி சுத்தறேன்னு."

"எனக்குக் கணக்கு சரியா வந்தாத்தான் தப்பு" என்றேன், இருவரும் சிரித்தோம். ஆனாலும் எண்ணிப் பழகினேன், டூட்டியில் சும்மா உட்கார்ந்திருக்கிறவனுக்கு வேறு என்ன வேலை?

ஒரு சித்திரை மாத மத்தியானம். கனவில் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன், கையைப் பார்க்கிறேன், பத்து விரல். இது கனவு என்று தெரிந்துவிட்டது, ஆனால் விழிப்பு வரவில்லை. நம்பினால் நம்புங்கள், பஸ்ஸின் தகரத்தைத் தடவினேன், அதன் சூடு அந்த இரண்டு விரலிலும் ஏறியது. அழுதேன். கடவுளை நேரில் பார்த்தால்கூட அப்படி மெய்சிலிர்த்திருக்காது. தூணில் பச்சை பட்டன் இருந்தது. ஏன் வருகிறாய் என்று கேட்டு, ஓடாமல் அழுத்தினேன். பஸ் ஸ்டாண்டு மறைந்து எங்கள் ஒர்க் ஷாப் வந்தது. சேகர் போய்விட்டான், நான் தனியாக நிற்கிறேன், சட்டைப் பையிலிருந்து மஞ்சள் அர்ச்சனைச் சீட்டு ஒன்றை எடுத்து, நாலாக மடித்து, நானேதான் பட்டன் ஓரத்தில் சொருகுகிறேன்.

எழுந்ததும் சோறுகூடத் தின்னாமல் சேகரைத் தேடிப் போனேன். நசரத்பேட்டையில் மர நிழலில் ஆட்டோவை விட்டுவிட்டு முகம் கழுவிக்கொண்டிருந்தான். கண் சிவந்திருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"நானே உன் ஊட்டுக்கு வர்லாம்னுதான் கெளம்பினேன் மச்சான். இப்பத்தான் வண்டில கண்ணசந்தேன், கனவுல நீ வந்தே. பத்து வெரலும் இருந்துது. அப்பால மிஷின் வந்துச்சு. மஞ்ச சீட்டு ஒண்ணு, நாலா மட்ச்சி நாந்தான் சொருகினேன். சத்தியமா மறந்தே பூட்டேன்டா, என்னை மன்னிச்சிரு."

சீட்டைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. "நீ இல்லடா, நான்" என்று நானும், "இல்ல, நான்" என்று அவனும், ரோட்டோரத்தில் இரண்டு கிழட்டுத் தடியன்கள் கட்டிப்பிடித்து அழுதோம், போகிறவர் வருகிறவரெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டு போனார்கள்.

இப்போது தினமும் அவன் வண்டியில்தான் போகிறேன். எங்களில் யார் சொருகியது என்று இன்றுவரை தீரவில்லை, இரண்டு பேருமே நான்தான் என்று அடித்துச் சொல்கிறோம். ஆனால் அவனிடம் நான் சொல்லாத ஒன்று உண்டு. அந்தக் கனவு கண்ட நாளிலிருந்து, இல்லாத இந்த இரண்டு விரலுக்கும் நடுவில், மடித்த காகிதத்தின் முனை ஓயாமல் உறுத்திக்கொண்டே இருக்கிறது.