புஷ்பவள்ளியின் இடது சப்பாத்து

புஷ்பவள்ளி அக்காவை யாராவது என் எதிரில் "பாவம், தனிக்கட்டை" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். லாயாங் லாயாங் என்ற சின்ன ஊரில் பிறந்து, பதினெட்டு வயதில் குளுவாங்கில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து, முப்பத்தேழு வருடம் பொருள்களைச் சரிபார்க்கும் மேசையில் உட்கார்ந்தவர். அதில் இருபத்திரண்டு வருடம் பக்கத்து நாற்காலி என்னுடையது. தம்பி ஜெயபாலனைப் படிக்கவைத்தார். குளுவாங்கில் சொந்தமாக ஒரு சின்ன வீடு வாங்கினார். கல்யாணப் பேச்சு எடுத்தவர்களிடமெல்லாம் "ஓவர்டைம் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். இதில் பாவம் எங்கிருந்து வந்தது?

தலைவலியெல்லாம் அந்தத் தம்பியால்தான். நல்லவன்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அக்கா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து, "வீட்டை வித்துட்டு ஜே.பி. டவுன்ல எங்ககூட வந்துரு" என்று ஒரே பாட்டு. அக்காவுக்கோ அந்த வீடுதான் உயிர். நாங்கள் இரண்டு பெண்களும் தனியாகக் கப்பலில் ஐரோப்பா சுற்றப் போகிறோம் என்றதும் அவன் ஓர் ஒப்பந்தம் போட்டான்.

"ஒரு பிரச்சனையும் இல்லாம போயிட்டு வந்தீன்னா, இனிமே வீட்டுப் பேச்சே எடுக்க மாட்டேன். ஏதாச்சும் ஆச்சு, அடுத்த மாசமே விக்கிறோம். சரியா?"

அக்கா சரி என்றுவிட்டார்! நான் பக்கத்தில் இருந்திருந்தால் அவனை நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

ஆறாம் நாள் கப்பல் மால்ட்டா தீவில் வலேட்டா துறைமுகத்தில் நின்றது. கடலை ஒட்டி உயரமான கோட்டைச் சுவர், மஞ்சள் கல்லில் கட்டிய பழைய வீடுகள், எந்தத் தெருவில் திரும்பினாலும் படிக்கட்டு. என் முழங்கால் என்னைத் திட்டிக்கொண்டே வந்தது. மாலை நாலரைக்குள் கப்பலுக்குத் திரும்பிவிட வேண்டும், பிந்தினால் காத்திருக்க மாட்டோம் என்று காலையிலேயே சொல்லிவிட்டார்கள். பாஸ்போர்ட்டைக் கப்பலில் வாங்கி வைத்துக்கொண்டு ஆளுக்கு ஓர் அட்டை கொடுத்திருந்தார்கள். அதைக் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள்.

ஐரோப்பா முழுக்க பிக்பாக்கெட் என்று ஜெயபாலன் பயமுறுத்தி அனுப்பியிருந்தான். அதனால் அக்கா அட்டையை இடது சப்பாத்துக்குள் போட்டு, அதன்மேல் நடந்தார். "எவன் வந்து என் காலைத் தூக்குறான்னு பாக்குறேன்" என்றார்.

மூன்றரைக்கு ஒரு சின்ன மாதா கோயில் தென்பட்டது. வாசலுக்கு வந்ததுமே அக்கா குனிந்து சப்பாத்தைக் கழற்றினார்.

"அக்கா, எல்லாரும் சப்பாத்தோடதான் போறாங்க, பாருங்க."

"அவங்க போகட்டும். சாமி இருக்கிற இடம்லா, யோகேசு."

காலுறையைச் சுருட்டி உள்ளே செருகி, சப்பாத்தைப் படி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு போனார். நான் கழற்றவில்லை. சப்பாத்துக் கயிற்றில் போட்டிருந்த முடிச்சை அவிழ்க்க யாரால் ஆகும்? உள்ளே நல்ல குளிர்ச்சி. அக்கா குழந்தையோடு நின்ற மாதாவின் முன்னால் கைகூப்பி நின்றார், நான் பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலைத் தடவினேன்.

வெளியே வந்தால் சப்பாத்தைக் காணோம்.

"அலமாக்!" என்று நான் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. அப்புறம்தான் அதற்குள் இருந்த அட்டை நினைவுக்கு வந்தது. அட்டை இல்லாமல் கப்பல் இல்லை. கப்பல் போய்விட்டால் ஜெயபாலனைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் வீடு போயிற்று.

சரியாக நாலு மணிக்கு அக்காவின் போன் அடித்தது. ஊரில் இரவு பத்து மணி. தம்பி தினமும் வீடியோவில் கூப்பிடும் நேரம். அக்கா கால் தெரியாதபடி போனை உயர்த்திப் பிடித்தார்.

"என்னக்கா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

"வெயில்டா."

"எல்லாம் ஓகேதானே?"

அக்காவுக்குப் பொய் சொல்ல வராது. வாயைத் திறந்ததைப் பார்த்ததும் போனைப் பிடுங்கி, "லைன் சரியில்ல ஜெயபாலா, அப்புறம் கூப்புடுறோம்" என்று அடைத்துவிட்டேன்.

பிறகு குப்பைத்தொட்டியைக் கிளறப் புறப்பட்டேன். அக்கா என் கையைப் பிடித்தார்.

"கத்தாத, யோகேசு. மேசையில ஒரு சாமான் காணாம போனா நாம என்ன செய்வோம்? கடைசியா அங்க கை வச்சது யாருன்னு பாப்போம். இந்தப் படியைப் பாரு. நாம உள்ள போறப்ப காஞ்சு கிடந்துச்சு. இப்ப ஈரம்."

நான் பார்க்கவே இல்லை. யாரோ படியைக் கழுவியிருக்கிறார்கள். வாளியிலிருந்து சொட்டிய தண்ணீர் கோயிலைச் சுற்றிப் பக்கவாட்டுக் கதவு வரை போயிருந்தது. அக்கா வெறுங்காலோடு அதன் பின்னாலேயே நடந்துபோய்க் கதவைத் தட்டினார்.

துடைப்பத்தோடு ஒரு பெண் திறந்தாள். அக்கா தன் வெறுங்காலைக் காட்டினார். அவள் சிரித்துக்கொண்டே அலமாரியைத் திறந்தாள். உள்ளே செய்தித்தாள் விரித்து, அதன்மேல் ஜோடியாகச் சப்பாத்து! மாதாவுக்கு நேர்ந்துகொண்டு வெறுங்காலில் வந்தவர் என்று நினைத்தாளாம். களவு போய்விடக் கூடாதே என்று எடுத்து வைத்தாளாம். அரைகுறை ஆங்கிலத்தில் இவ்வளவும் சொன்னாள். அக்கா இடது சப்பாத்துக்குள் கைவிட்டார். அட்டை இருந்தது. எனக்கு உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது, நேரம்தான் இல்லை. அந்தப் பெண்ணின் இரண்டு கைகளையும் அக்கா பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஓடினோம். அறுபதை நெருங்கும் வயதில் அதற்கு ஓட்டம் என்று பெயர் உண்டா தெரியாது. நாலு இருபத்தாறுக்கு அட்டையைக் காட்டிக் கப்பலுக்குள் போய், கண்ணில் பட்ட முதல் நாற்காலிகளில் விழுந்தோம். மூச்சு வாங்கிச் சிரித்தோம். அப்பாடா, வீடு பிழைத்தது என்று இருந்தது எனக்கு.

அக்கா போனை எடுத்தார்.

"ஐயோ, சொல்லாதீங்கக்கா! அதான் தப்பிச்சாச்சே!"

"அவன்கிட்ட மறைச்சுட்டு அந்த வீட்டுல எப்படி நிம்மதியா படுப்பேன்?"

எல்லாவற்றையும் சொன்னார். சப்பாத்து, அட்டை, நான் அடித்த புளுகு உட்பட. கடைசியில், "ஒப்பந்தப்படி நீதான் ஜெயிச்ச, ஜெயபாலா. பிரச்சனை வந்துச்சு. ஆனா நானே பாத்துக்கிட்டேன். வீட்டை விக்க மாட்டேன்" என்றார்.

போச்சு, கெட்டது குடி என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அக்கா," என்றான் ஜெயபாலன். "உனக்கு ஒண்ணு ஆனா எங்கிட்ட சொல்லாம மறைச்சுருவியோன்னுதான் எனக்கு இவ்ளோ நாளா பயம். நீதான் சொல்லிட்டியே. உன் வீட்டுலயே இரு."

இருபத்திரண்டு வருடம் பக்கத்தில் உட்கார்ந்தவள் நான். அக்கா அழுது அன்றுதான் பார்த்தேன்.