கடைசிப் பந்தி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று என் மாமியார் சொல்வார். பொய்யில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் மயிலாப்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் வார்டு சிஸ்டராக இருந்தேன். மறதி முற்றிய பெரியவர் எழுந்து நடந்தால் கட்டிலோடு கட்டு, ஊசியைப் பிடுங்கினால் கையைக் கட்டு, இதுதான் அங்கே வைத்தியம். பேண்டேஜ் துணியை முறுக்கி இரண்டு முடிச்சு. அந்த முடிச்சைப் புது ஆயாக்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் என் வேலையில் சேர்த்தி.

ஒரு வருஷம் புது ஆயாக்கள் ஆறு பேர் வந்தார்கள். முதல் நாளே ஆறு பேரையும் காலிக் கட்டில்களில் படுக்க வைத்து, சொல்லிவிட்டுத்தான், கைகளைக் கட்டினேன். அரை மணி நேரம். மூக்கு அரித்தாலும் சொறிய முடியாது. பிறகு ஆறிப்போன உப்புமாவை ஸ்பூனால் ஊட்டினேன், அவர்கள் முகத்தைப் பார்க்காமல், பக்கத்து நர்ஸிடம் பஸ் வராத கதையைப் பேசிக்கொண்டே. ஒருத்தி அழுதுவிட்டாள். மந்தைவெளிக்காரி ஒருத்தி உப்புமாவை என் யூனிஃபார்ம் மேலேயே துப்பினாள். பாடம் இவ்வளவுதான், எழுந்திருங்கள் என்றேன். முடிச்சை நான் கடைசிவரை சொல்லிக்கொடுக்கவில்லை.

மேட்ரன் சும்மா விடுவாரா? கூப்பிட்டு அனுப்பினார். கட்டாமல் விட்டு ஒருவர் விழுந்து இடுப்பு முறிந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நான் சொல்கிறேன், என் வார்டில் இனிமேல் கட்டு கிடையாது என்று வாயை விட்டேன். "பார்க்கலாம்" என்றார்.

அடுத்த வாரமே அண்ணாச்சி வந்து சேர்ந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி.நகரில் ஜவுளிக்கடை வைத்து ஆளானவர். இப்போது அசோக் நகரில் மகன் வீடு, ஆனால் மகன் யாரென்று அவருக்குத் தெரியவில்லை. சர்க்கரை வியாதி, காலில் ஆறாத புண். எழுந்து நடந்தால் ஓர் ஆயா கூடவே நடந்தாள். அதைச் சமாளித்துவிட்டோம். சாப்பாட்டில்தான் மாட்டிக்கொண்டோம். மூன்று நாளாகத் தட்டைத் தள்ளித் தள்ளி விட்டார். சர்க்கரைக்கு ஊசி போடுகிற மனிதர் சாப்பிடாமல் கிடந்தால் உயிருக்கே உலை. சனிக்கிழமை மத்தியானமும் சாப்பிடாவிட்டால் மூக்கில் ட்யூப் போட்டுவிட வேண்டியதுதான் என்றார் டாக்டர். ட்யூப் போட்டால் பிடுங்குவார், பிடுங்கினால் கையைக் கட்ட வேண்டும். அந்தக் கட்டை நீதான் போட வேண்டும் என்று மேட்ரன் என்னிடம் சொல்லிவிட்டார்.

தட்டு வரும்போதெல்லாம் அண்ணாச்சி ஒரே கேள்வி கேட்பார்: "பயலுவ எல்லாம் சாப்ட்டானுவளா?" இங்கே யாரும் இல்லை தாத்தா, நீங்கள் சாப்பிடுங்கள் என்போம். அவ்வளவுதான், தட்டு அந்தப் பக்கம் போய்விடும். இத்தனை பாடம் நடத்திய நானும் அதையேதான் சொன்னேன். மூன்று நாளில் ஒருமுறைகூட அந்தக் கேள்வியைக் காதில் வாங்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமை கடையின் பழைய விற்பனையாள் ஒருவர் பார்க்க வந்தார். என் ஆத்திரத்தை எல்லாம் அவர் மேல் கொட்டினேன். இந்த மனிதருக்கு நீங்கள் எப்படித்தான் சோறு போட்டீர்கள் என்று கேட்டேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"அண்ணாச்சி எந்தக் காலத்துல எங்களுக்கு முன்ன சாப்ட்டாவ? கடைசிப் பந்தி எந்திரிச்ச பொறவுதான் அவிய இலைல உக்காருவாவ."

கடை மாடியில் ஆட்களுக்கு மூன்று பந்தியாம். முப்பது வருஷத்தில் ஒருநாள்கூட முதலாளி முந்தியதில்லையாம்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு மந்தைவெளிக்காரி சாமர்த்தியமாக, எல்லாரும் சாப்பிட்டாச்சு அண்ணாச்சி என்று சொல்லிப் பார்த்தாள். அவர் அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். ஈரம் இல்லை. சாப்பிட்டவள் கை கழுவியிருக்க மாட்டாளா? தட்டு மறுபடியும் தள்ளப்பட்டது. மறதிக்காரரை ஏமாற்றலாம் என்று யார் சொன்னது?

"ஆடற மாட்ட ஆடித்தான் கறக்கணும் சிஸ்டர். நாளைக்கு இங்கியே துன்னுடலாம்" என்றாள் அவள்.

வார்டுக்குள் ஊழியர்கள் சாப்பிடக் கூடாது என்று சுவரிலேயே எழுதி மாட்டியிருந்தது. இருக்கட்டும் என்றேன்.

சனிக்கிழமை மத்தியானம் ஆறு பேரும் அவர் கட்டிலுக்கு எதிரே தரையில் வரிசையாக உட்கார்ந்து சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தார்கள். நானும் உட்கார்ந்தேன். கருவாட்டுக் குழம்பு வாசனை வராண்டா வரை போனது. அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்து வரிசையைப் பார்வையிட்டார். கோடியிலிருந்த பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் வைக்கச் சொன்னார். எங்கள் பின்னால் ட்யூப் வைத்த டிரே தயாராக இருந்தது.

அப்போதுதான் மேட்ரன் உள்ளே வந்தார். ஆறு பேரும் எச்சில் கையோடு எழுந்துவிட்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை.

"பாதிச் சாப்பாட்டுல எந்திரிக்கக் கூடாது, உக்காருங்க" என்று அண்ணாச்சி அதட்டினார். பிறகு மேட்ரனைப் பார்த்தார். "நீ சாப்ட்டியாம்மா?"

மேட்ரனுக்கு ஆயிரம் குறை சொல்வேன், பொய் சொன்னார் என்று சொல்ல மாட்டேன். இல்லை என்றார்.

"நீ சாப்டாம நான் எப்படிம்மா கைய நனைப்பேன்?"

மேட்ரன் டிரேயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நான் சாம்பலாகியிருக்க வேண்டும். மந்தைவெளிக்காரி தூக்கு மூடியில் சோற்றை வைத்து நீட்டினாள். மேட்ரன் நின்றபடியே வாங்கினார். உட்கார்ந்து சாப்பிடச் சொன்னார் அண்ணாச்சி. கஞ்சி போட்ட வெள்ளை யூனிஃபார்ம் சேலை மொடமொடவென்று தரையில் உட்கார்ந்தது. நாலு வாய் சாப்பிட்டார். எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்து, ஈரக் கையை அண்ணாச்சி முன்னால் விரித்துக் காட்டினார். வெள்ளிக்கிழமை ராத்திரி நடந்தது மேட்ரன் காதுக்கும் எட்டியிருக்கிறது. அண்ணாச்சி தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை எனக்கு மெமோ வந்தது. வார்டுக்குள் ஊழியர்களைச் சாப்பிட அனுமதித்ததற்கு விளக்கம் வேண்டுமாம். கீழே மேட்ரன் கையெழுத்து. அதே தாளின் பின்பக்கம் எழுதினேன்: ஆமாம், சாப்பிட்டோம். இன்றும் சாப்பிடுவோம்.

மத்தியானம் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டு முடித்தோம். அண்ணாச்சி தட்டைத் தொடவில்லை. "அந்த வெள்ளைச் சீலக்காரி எங்க?" என்றார். மெமோவை மந்தைவெளிக்காரியிடம் கொடுத்து, இன்னும் ஓர் ஆள் சாப்பிடவில்லை என்று அண்ணாச்சி காத்திருக்கிறார், போய்ச் சொல் என்று அனுப்பினேன்.

மேட்ரன் வந்தார். கையில் தன் டிபன் டப்பாவோடு வந்தார்.