நான்காம் வாசலின் அளவு

ஜூலை 9, செவ்வாய்க்கிழமை, காலை 10.40. தாளின் தலைப்பில் என் கையெழுத்து இப்படித்தான் தொடங்குகிறது. அதற்குக் கீழே, 'நல்ல வெயில், ஷெட்டுக்குள் 34 டிகிரி' என்று ஒரு வரி. காற்றை அளக்கும்போது நாளையும் நேரத்தையும் வெப்பத்தையும் முதலில் குறித்துவிட வேண்டும், காலைக் காற்றும் மதியக் காற்றும் ஒரே எடை உள்ளவை அல்ல என்று அண்ணி சொல்லியிருந்தார். தாளில் எண்ணெய்க் கறையாக இரண்டு வட்டங்கள் இருக்கின்றன. மின்விசிறிக் காற்றில் பறந்துவிடாமலிருக்க, தேய்ந்துபோன பழைய வால்வு ஒன்றைத் தலைகீழாக அதன்மேல் வைத்திருந்தேன். மேலே இருக்கும் வட்டம் அந்தச் செவ்வாய்க்கிழமை பதிந்தது. கீழே இருப்பது மறுநாள் காலை பதிந்தது. இரண்டு ஆண்டுகளாகியும் இரண்டும் மங்கவில்லை.

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்து அப்போது பதினான்கு மாதங்கள். திருவிடைமருதூரில் பிறந்து, வாகனப் பொறியியல் படித்து, கோயம்புத்தூரில் ஓர் இன்ஜின் சோதனைக் கூடத்தில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவர். திருமணமான மூன்றாம் மாதமே அண்ணன் மஸ்கட்டுக்குத் திரும்பிவிட்டான். அறுவடை இயந்திரங்களைப் பழுது பார்ப்பதற்காக அவன் வயல்களுக்கு நடுவே போட்டிருந்த ஷெட், எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் பூட்டிக் கிடந்தது. பழுது பார்க்க வந்த ஓர் இன்ஜினுக்காக அதன் சாவியை அண்ணி ஒருநாள் அப்பாவிடம் கேட்டார். அப்பாவோ ஷெட்டை உரக்கடைக்கு விடுவதாக ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். சற்று யோசித்துவிட்டுச் சாவியை எடுத்து வந்தார். "இந்த ஒரு இன்ஜினப் பாரும்மா. நல்லபடியா ஓடுச்சுன்னா ஷெட்டு ஒன்னோடது. ஏதாவது கோளாறாச்சுன்னா பேசாம உரக்கடைக்கு விட்டுடுவோம். வீட்டுல இருக்கறதுல என்ன கொறச்சல்?" அந்தக் கடைசி வாக்கியத்தில் கடுமை எதுவும் இல்லை. அதனாலேயே அது ஆழமாக இறங்கியிருக்க வேண்டும். "சரிங்க மாமா" என்று மட்டும் சொல்லி அண்ணி சாவியை வாங்கிக்கொண்டார். முந்தானையில் அதை முடிந்த வேகத்தை நான் பார்த்தேன்.

அந்த ஒரு இன்ஜின், கூத்தாநல்லூர் வணிகர் ஒருவருடைய நீல நிற ஸ்போர்ட்ஸ் காரினுடையது. நாங்கள் அவரைப் பாய் என்றே அழைத்தோம். வளைகுடாவில் இருந்த காலத்தில் ஆசைப்பட்டு வாங்கிக் கப்பலில் கொண்டுவந்த டர்போ கார். அதன் இன்ஜினின் மேல்பாகமான அலுமினிய ஹெட்தான் சிக்கல். நான்கு சிலிண்டர்களுக்கும் காற்று நுழைகிற நான்கு பாதைகள் அதில் உண்டு. அண்ணி அவற்றை வாசல்கள் என்பார். முன்பு எங்கோ யாரோ அந்த வாசல்களை மனம் போனபடி கடைந்திருந்தார்கள். அவற்றைச் சீராக்கி, நான்கும் ஒரே அளவு காற்றை வாங்குகின்றனவா என்று அளந்து பார்ப்பதுதான் வேலை. ஹெட் பாழானால் மாற்று கிடையாது. அந்த வகையைச் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். பாய்க்கு இந்த அளவையெல்லாம் வேடிக்கையாக இருந்தது.

"ஏம்மா, அதான் டர்போ இருக்கே? காத்தப் புடிச்சு உள்ள தள்ளிட்டுப் போவுதுல்ல?"

"தள்ளுதுங்க பாய். ஆனா நாலு பேருக்கும் ஒண்ணுபோலப் போவணும்ல? ஒருத்தனுக்குப் பட்டினி, ஒருத்தனுக்கு அஜீரணம்னா வீடு தாங்குமா?"

"எங்க வூட்டுல அப்புடித்தாம்மா ஓடிக்கிட்டு இருக்கு" என்று பாய் தொந்தி குலுங்கச் சிரித்தார்.

அளக்கும் கருவியை அண்ணியே செய்திருந்தார். ஒட்டுப்பலகையில் ஒரு பெரிய பெட்டி. அதற்குள் பழைய வேக்வம் கிளீனர்களிலிருந்து கழற்றிய ஆறு மோட்டார்கள். பெட்டியின் மேல் ஹெட்டை உட்காரவைத்து வால்வைக் குறிப்பிட்ட அளவு திறந்தால், மோட்டார்கள் வாசல் வழியே காற்றை இழுக்கும். பெட்டியின் இரு பக்கங்களிலும் கண்ணாடிக் குழாய்கள், அவற்றில் கேசரிப் பவுடர் கலந்த ஆரஞ்சு நிறத் தண்ணீர். என் பக்கத்துக் குழாய், பெட்டி எவ்வளவு பலமாக இழுக்கிறது என்பதைக் காட்டும். அது எப்போதும் பத்து அங்குலத்தில் நிற்க வேண்டும்; குறைந்தால் அண்ணி ஒரு திருகைத் திருகிச் சரிசெய்வார். அவர் பக்கத்துக் குழாய், அந்த இழுப்புக்கு வாசல் எவ்வளவு காற்றைக் கொடுத்தது என்பதைக் காட்டும். காற்று வழுக்கிக்கொண்டு நுழைவதற்காக வாசலின் விளிம்பைச் சுற்றிக் களிமண் அப்ப வேண்டும் என்றார். களிமண்ணுக்குப் பதில் சப்பாத்தி மாவைப் பயன்படுத்தினோம். முதல் நாள் எறும்பு மொய்த்ததால் இரண்டாம் நாள் மாவில் மஞ்சள்தூள் சேர்த்தார். இதையெல்லாம் ஷெட் வாசலில் நின்று பார்த்த அப்பா, "காத்த எதால அளப்பீங்க, மரக்காலாலயா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

நான் அப்போது தமிழ் முதுகலை முதலாண்டு முடித்து விடுமுறையில் இருந்தேன். எங்கள் இருவருக்கும் இடையே அதுவரை மரியாதை இருந்த அளவுக்குப் பேச்சு இருந்ததில்லை. "ஒன் கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கு பாப்பா, நீ எழுதித் தர்றியா?" என்று அவர் கேட்டபோது, யாரும் என்னை அப்படி ஒரு வேலைக்கு அழைத்ததில்லை என்பது நினைவுக்கு வந்தது. அடிக்கோல் வைத்துக் கட்டங்கள் போட்டேன். வால்வைப் படிப்படியாக ஐந்து முறை திறந்து, ஒரு வாசலுக்கு ஐந்து அளவுகள். ஒவ்வொன்றுக்கும் என் குழாயின் எண், அவர் குழாயின் எண். மோட்டார்கள் ஒன்றாக அலறும்போது பேச முடியாது. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, என் குழாய் பத்தில் நிற்கிறதென்று நான் தலையசைத்தால் அவர் தன் குழாயைப் பார்த்து விரல்களால் எண்ணைக் காட்டுவார். நான் எழுதுவதை அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. "நீ எழுதிட்டேன்னா அது முடிஞ்சது" என்றார்.

முதல் வாசல், இரண்டாவது, மூன்றாவது. மூன்றும் மயிரிழை வித்தியாசத்தில் ஒத்துப்போயின. அண்ணியின் முகத்தில் வியர்வைக்கு நடுவே ஒரு சிரிப்பு வந்தது. நான்காவதை மதியம் 1.25க்குத் தொடங்கினோம். ஐந்து அளவுகளும் குறைந்தன. அண்ணி மாவை எடுத்துவிட்டு மறுபடி அப்பினார். அப்போதும் குறைவுதான். மோட்டார்களை நிறுத்திவிட்டு, வாசலுக்குள் விரலை விட்டு நெடுநேரம் தடவிப் பார்த்தார். "இங்கதான் ஏதோ தடுக்குது. இன்னும் கொஞ்சம் கடையணும் பாப்பா." வாசலின் அந்தச் சுவருக்குப் பின்னால் இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் ஓடும் பாதை. முன்பு கடைந்தவர்கள் அந்தச் சுவரை ஏற்கெனவே நகக்கனத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். இன்னும் கடைந்தால் பொத்துக்கொள்ளலாம். பொத்துக்கொண்டால் ஹெட் போயிற்று, ஷெட்டும் போயிற்று. இருவருக்கும் அது தெரிந்திருந்தது. காலை வெளிச்சத்தில், கை சோர்ந்துபோகாமல் இருக்கும்போது கடையலாம் என்று அண்ணி ஷெட்டைப் பூட்டினார்.

மாலை ஏழு மணிக்கு, வீட்டில் என் அறையில், அந்தத் தாளைக் கையில் வைத்து எண்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறி திடீரென்று வேகமெடுத்தது. தாள் என் விரல்களில் படபடத்தது. அது குறுவை நட்ட சமயம். அந்த வாரம் எங்கள் பக்கத்தில் வயல் மோட்டார்களுக்கு மதியம் ஒரு மணிக்கு மும்முனை மின்சாரம் விட்டு, மாலை ஏழுக்கு நிறுத்துவார்கள். ஒரு மணிக்கு எல்லாப் போர்செட்டுகளும் சேர்ந்து ஓடத் தொடங்கினால் சுற்று வட்டாரத்தில் மின்சாரம் பலவீனமாகிவிடும். விளக்கு மங்கும், விசிறி தள்ளாடும். எங்கள் பெட்டியின் மோட்டார்களும் தள்ளாடியிருக்கும். காதில் பஞ்சு இருந்ததால் அவற்றின் குரல் இறங்கியது எங்களுக்குக் கேட்கவில்லை. நான்காவது வாசலை அளந்தபோது தாளின்மேல் வால்வு இருக்கவில்லை. தாள் பறக்கவில்லை என்பதால் நானே அதை எடுத்துத் தள்ளி வைத்திருந்தேன்.

ஆனால் என் குழாய் அதைக் காட்டியிருக்குமே? தாளைப் பார்த்தேன். முதல் மூன்று வாசல்களுக்கும் என் கட்டத்தில் பத்து, பத்து, பத்து என்று எழுதியிருந்தேன். நான்காவதில் ஐந்து இடங்களிலும் 'மேற்படி' என்று இருந்தது. அப்பாவின் நிலப் பத்திரங்களில் ஊரும் வட்டமும் ஒருமுறை எழுதப்பட்டபின் மேற்படி ஆகிவிடுவதைப் போல, காலை முழுவதும் அசையாமல் நின்ற தண்ணீரை நானும் மேற்படி ஆக்கியிருந்தேன். அழகாக, நேர்கோட்டில், குழாயைப் பார்க்காமலே. தலையை மட்டும் அசைத்திருக்கிறேன்.

உடனே சொல்லியிருக்க வேண்டும். கூடத்தில் அப்பா சாப்பிட உட்கார்ந்திருந்தார். "என்னம்மா, எத்தனை மரக்கால் தேறுச்சு?" என்று அவர் கேட்டது என் காதில் விழுந்தது. "மூணு மரக்கால் கோபுரமா நிக்குது மாமா. நாலாவது தலைதட்டிப் போச்சு. காலைல சரி பண்ணிடுவேன்" என்று அண்ணி சிரித்துக்கொண்டே பரிமாறினார். பிறகு அண்ணனிடம் தொலைபேசியில் பேசினார்: "பாப்பாதாங்க எழுதுறா. அவ இல்லன்னா நான் திண்டாடியிருப்பேன்." அந்தப் பாராட்டுக்குப் பிறகு என்னால் அறையை விட்டு வெளியே வர முடியவில்லை. பயம் என்பதைவிட வெட்கம் என்பதே சரியான சொல். நிதானமானவள் என்று எல்லோரும் சொல்லும் ஒருத்திக்கு, நிதானம் தவறியதை வாய்விட்டுச் சொல்லப் பழக்கமில்லை.

பாயின் கார் ஓடியது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஷெட் ஒன்றரை ஆண்டு அண்ணியிடம் இருந்தது. இப்போது அவர் மஸ்கட்டில் அண்ணனோடு இருக்கிறார். பந்தயக் கார்களின் இன்ஜின்களைப் பார்க்கும் ஒரு பணிமனையில் வேலை. சென்ற வாரம் அங்குள்ள அளக்கும் கருவியைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். தண்ணீர் இல்லை, திரைதான். 'இங்க அதுவே பாத்து அதுவே எழுதிக்குது பாப்பா, தலையாட்ட ஆளில்ல' என்று கீழே ஒரு வரி. அப்பா ஷெட்டை உரக்கடைக்கு விடவில்லை. யாராவது கேட்டால், "மருமவ மெஷினு இருக்கு" என்கிறார். போன மாதம் நான் விடுதியிலிருந்து ஊருக்குக் கிளம்பும்போது தொலைபேசியில், "வர்றப்ப கேசரிப் பவுடர் ஒரு பாக்கெட் வாங்கியா, கொழாய்ல தண்ணி வத்திப் போச்சு" என்றார். 

மறுநாள் காலை நான் செய்தது இவ்வளவுதான். ஆறு மணிக்குச் சாவியை எடுத்துக்கொண்டு தனியாக ஷெட்டுக்குப் போனேன். பழைய எழுத்து தெரியும்படி ஐந்து மேற்படிகளையும் ஒற்றைக் கோட்டால் அடித்தேன். ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'பார்க்கவில்லை' என்று எழுதினேன். கீழே நாளும் நேரமும் இட்டு, தாளை ஹெட்டின் மேல் விரித்து, நான்காம் வாசலின் வரிசைமேல் வால்வை வைத்துவிட்டு ஓரமாக நின்றேன். அண்ணி வந்தார், படித்தார்.

"அஞ்சு எடத்துலயுமா?"

"அஞ்சு எடத்துலயும் அண்ணி. ஒரு மணிக்குப் போர்செட் போட்டுட்டாங்க. நான் கொழாயப் பாக்கல."

அவர் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார். கடைவதற்கு எடுத்து வந்த கருவியை மெல்லப் பெட்டிக்குள் வைத்து மூடினார். "நானும் ஒரு தடவ எட்டிப் பாத்துருக்கணும்" என்றார். பிறகு மாவைப் பிசைந்து நான்காம் வாசலில் அப்பினார். நான் பஞ்சை எடுத்து நீட்டினேன். "இன்னைக்கு வேணாம் பாப்பா. சத்தத்தையும் கேட்டுக்குவோம். தலையெல்லாம் ஆட்டக் கூடாது, வாயத் தொறந்து சொல்லணும்." மோட்டார்கள் அலறின. நான் குழாயின் முன் மண்டியிட்டு, கண்ணைத் தண்ணீரின் மட்டத்துக்குக் கொண்டுபோய், அது ஏறி நிற்கும்வரை காத்திருந்து, பக்கத்து வயல்வரை கேட்கும் குரலில் "பத்து" என்று கத்தினேன். ஐந்து முறையும் குனிந்தேன், ஐந்து முறையும் கத்தினேன், ஐந்து முறையும் என் எண்ணையும் அண்ணி காட்டிய எண்ணையும் எழுதினேன். ஐந்தாவதை எழுதி முடித்து, மூன்றாம் வாசலின் எண்களுக்குக் கீழே நான்காம் வாசலின் எண்களை ஒவ்வொன்றாகப் பொருத்தி, மயிரிழை வித்தியாசத்தில் ஒத்துப்போனதை அண்ணிக்கு உரக்கப் படித்துக் காட்டினேன்.